சத்தமில்லாத வேன்

இந்த மின்கார்ப் பணிமனையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஒரு மணி நேரம் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். பேட்டரியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. என் காலத்து பேட்டரி ஈயமும் அமிலமும். சட்டையில் ஒரு சொட்டு விழுந்தால் மறுநாள் அந்த இடத்தில் ஓட்டை. உங்கள் கையிலிருக்கும் கருவிகளை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உள்ளே நுழையும்போது உங்கள் வகுப்பறைச் சுவரில் ஒரு படம் பார்த்தேன். பச்சை இலைக்கு நடுவில் ஒரு கார், அதன் பின்னால் புகைக்குப் பதிலாகப் பட்டாம்பூச்சி. பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. வயதாகிவிட்டது, கோபம் மட்டும் குறைந்தபாடில்லை. அந்தப் படத்தை நம்பி இந்த வேலைக்கு வந்தவர்கள் யாராவது இருந்தால் இப்போதே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒரு வேனைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதை நான்தான் செய்தேன், அதனால் ஒருத்தியின் உயிரை வாங்கப் பார்த்ததும் நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. பேர் வேண்டாம், இன்றைக்கு அந்த இடத்தில் வேறு கட்டடம் நிற்கிறது. நான் அங்கே பராமரிப்புப் பிரிவில் டெக்னீஷியன். ஃபோர்க்லிஃப்ட் பேட்டரிகள் முழுக்க என் பொறுப்பு. பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பதில் இங்கே வேண்டாம், பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

தொழிற்சாலையின் பின்பக்கம் சரக்கு ஏற்றும் கொட்டகை. லோடிங் பே என்போம். தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர். பெட்டிகள் நனையக் கூடாது என்பதற்காக நாலாவது பக்கத்திலும் பாதிக்குமேல் ஷட்டர் இறங்கியிருக்கும். அதற்குள் இரண்டு பழைய டீசல் வேன்கள் காலையிலிருந்து மாலை வரை வந்து போகும். உற்பத்திக் கட்டடத்திலிருந்து பெட்டிகளை ஏற்றி வரும், இறக்கும், திரும்பிப் போகும். இறக்குகிற நேரத்தில் எஞ்சினை அணைக்க மாட்டார்கள். அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று டிரைவர்கள் சொல்வார்கள். அந்த வேன்களைப் பார்த்தால் அதுவும் உண்மைதான்.

அந்தக் கொட்டகைக்குள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் பரமேஸ்வரி அக்கா. ஷிப்பிங் கிளார்க். ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் பார்த்து, தாளில் குறித்து அனுப்புவது அவர் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தா. எங்களோடு பேசும்போது எங்களைப் போலவே பேசுவார், உணர்ச்சிவசப்பட்டால் மட்டும் அவர் பேச்சில் யாழ்ப்பாணம் வந்துவிடும். அவருக்கு ஆஸ்துமா. இழுப்பு வந்தால் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நிற்பார். அடுத்த வேன் புகை விட்டுக்கொண்டே உள்ளே வரும்.

ஒருநாள் உணவுக்கூடத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஒரு கடிதத்தைத் தள்ளினார். பணியாளர் பிரிவிலிருந்து வந்தது. இந்த வருடம் அளவுக்கு மேல் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்துவிட்டீர்கள், நிலை மாறாவிட்டால் வருடக் கடைசியில் மருத்துவ போர்டுக்கு முன்னால் வரவேண்டும், வேலைக்குத் தகுதியா என்று அவர்கள் முடிவு செய்வார்கள் என்று எழுதியிருந்தது.

“வேற செக்‌ஷன் கேட்டீங்களாக்கா?”

“கேட்டேன் கமலா. கிளார்க் வேலை வேற எங்கயும் காலி இல்லயாம். எனக்கு நோய் கிடையாது, தெரியுமா? இந்தக் கொட்டகைதான் என் நோய். ஞாயித்துக்கிழமை நான் நல்லாத்தான் இருக்கேன்.”

அந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. எங்கள் பிரிவில் எஞ்சின் செத்துப்போன ஒரு வேன் மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது. கழித்துவிட்ட ஃபோர்க்லிஃப்ட் மோட்டார் ஒன்று இருந்தது. பேட்டரி என் அறை முழுக்க இருந்தது. தொழிற்சாலை வளாகத்துக்குள் மூன்று கட்டடங்களுக்கு நடுவே ஓடினால் போதும், சாலையில் ஏறவே வேண்டாம். ஏன் முடியாது என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் ஃபோர்மேனிடம் சொன்னேன். அவரும் என்னைப் போல கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் பக்கத்து ஆள். காலையில் ஒரே ஃபெர்ரியில்தான் தீவுக்கு வருவோம். மேலாளருக்குக் கொடுக்க நான் எழுதிய தாளை ஃபெர்ரியில் வைத்துப் படித்தார்.

“இது என்னாம்மா, இந்த வேன்ல புகையே கிடையாதுன்னு எழுதியிருக்கே?”

“புகைக் குழாயே இல்ல அண்ணே. அப்புறம் எது வழியா வரும்?”

அவர் பிறை என்ற ஊர்ப் பக்கம் கையைக் காட்டினார். மின் நிலையத்தின் புகைபோக்கி வானத்தில் கறுப்பாக எழுதிக்கொண்டிருந்தது. எங்கள் பாகான் டாலாம் வீட்டிலிருந்து பார்த்தாலும் அது தெரியும்.

“கொடியில போட்ட துணியில கரி படியுதுன்னு போன மாசம் யார் திட்டுனது? நீதானே? உன் வேனுக்கு கரண்ட் எங்கேர்ந்து வருது, சொல்லு பார்ப்போம்.”

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆயிற்று. ஆளை உதவிக்குக் கூப்பிட்டால் காலை வாருகிறாரே என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். கொட்டகைக்குள் புகை இருக்காது. மின் நிலையத்தில் கொஞ்சம் இருக்கும். டீசல் வேன் சும்மா நிற்கும்போதும் எரிக்கிறது, இந்த வேன் நிற்கும்போது எதையும் தின்னாது. அதனால் மொத்தத்திலும் குறையும் என்று நினைக்கிறோம். எவ்வளவு என்பதை மூன்று மாதம் ஓட்டி, அளந்து சொல்கிறோம். அவ்வளவுதான் எழுதினேன்.

மேலாளர் ஒரு சீனர், அதிகம் பேசாதவர். தாளைப் படித்துவிட்டு, “அளந்து சொல்கிறோம்” என்ற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். மூன்று மாதம் தருகிறேன் என்றார். நன்றாக ஓடினால் இரண்டாவது வேனையும் இப்படியே மாற்றலாம், டீசல் வண்டி கொட்டகைக்குள் வரவே வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை: சின்னதோ பெரியதோ, ஒரு விபத்து நடந்தாலும் அன்றைக்கே அறிக்கை தன் மேசைக்கு வரவேண்டும் என்றார். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

பட்டாம்பூச்சிப் படத்தின்மேல் எனக்கு ஏன் கோபம் என்று இப்போது புரிந்திருக்கும். உங்களிடம் யாராவது புகை எங்கே போகிறது என்று கேட்டால் முழு பதிலையும் சொல்லுங்கள். பாதி பதில் சொல்லி மாட்டிக்கொண்டால் மீதிப் பாதி உண்மையாக இருந்தாலும் எவரும் நம்ப மாட்டார்கள்.

வேனைக் கட்டி முடித்தோம். அந்தக் கதையை விடுகிறேன். ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முட்டாள்தனம் அங்கேதான் இருக்கிறது. முதலில் ஓட்டிப் பார்த்தபோது அந்த வேன் கொஞ்சம் சத்தம் போட்டது. பின்கதவு கடகடத்தது. பல்சக்கரம் கீச்சென்று முனகியது. எனக்கு அது மானக்கேடாக இருந்தது. வாரக்கணக்கில் ரப்பர் வைத்தேன், கிரீஸ் வைத்தேன், கதவை இறுக்கினேன். கடைசியில் அது கொட்டகைக்குள் வந்தால் தரையில் டயர் உருளுவதுகூடக் கேட்காது. எல்லோரும் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார்கள். நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

பரமேஸ் அக்காவின் மேசைக்கு வந்த வேன்களில் பாதி இப்போது அதுதான். ஒரு டீசல் வேனை நிறுத்திவிட்டோம், மற்றது மட்டும் ஓடியது. முதல் மாதம் அக்கா ஒருநாள்கூட எம்.சி. எடுக்கவில்லை. ஐந்தாவது வாரம் எனக்குப் பாசிப்பயறு உருண்டை செய்து டப்பாவில் கொண்டு வந்தார்.

“பாதிப் புகைக்கு பாதி டப்பா,” என்றார். “மத்த வேனையும் மாத்திட்டா முழு டப்பா.”

ஆறாவது வாரம் ஒரு மத்தியானம் கடும் மழை. தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. நான் டயரில் காற்று பார்ப்பதற்காகக் கொட்டகைக்குள் நின்றிருந்தேன். அக்கா வழியில் முதுகைக் காட்டி நின்று பெட்டி எண் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் அப்படித்தான் நிற்பார். அங்கே எல்லோருமே அப்படித்தான். பின்னால் டீசல் சத்தம் நெருங்கினால் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டடி ஒதுங்குவார்கள், வேன் போனதும் பழைய இடத்துக்கு வருவார்கள். எத்தனையோ வருடப் பழக்கம். டிரைவர்களுக்கும் அதே பழக்கம். ஹாரன் அடிக்க மாட்டார்கள், ஆள் தானாக ஒதுங்கும் என்று வந்துகொண்டே இருப்பார்கள்.

மின்வேனை ஓட்டியது ராஜு. நல்ல பையன், நிதானமானவன். உள்ளே வந்தான், அக்கா ஒதுங்குவார் என்று பார்த்தான், அக்கா ஒதுங்கவில்லை. அதற்குப் பதிலாக அடுத்த பெட்டியைப் பார்க்க ஓரடி பின்னால் வந்தார். ராஜு பிரேக் போட்டான். பம்பர் அவர் முழங்காலின் பின்பக்கத்தில் இடித்தது. அவர் முன்னால் இருந்த பெட்டிகளின் மேல் குப்புற விழுந்தார். பெட்டிகள் இல்லாமல் இரும்புத் தூண் இருந்திருந்தால் நான் இன்றைக்கு இங்கே நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன், எங்காவது வாயை மூடிக்கொண்டு கிடந்திருப்பேன்.

ஓடிப்போய்த் தூக்கினோம். முழங்காலில் சிராய்ப்பு, கையில் வீக்கம். வேறொன்றுமில்லை. ராஜுவின் முகத்தில் ரத்தமே இல்லை.

“கமலாக்கா, சத்தியமா அவங்க ஒதுங்குவாங்கன்னு நெனச்சேன்…”

அக்கா எழுந்து சேலையைச் சரிசெய்தார். சுற்றிலும் பார்த்தார். சாப்பாட்டு நேரம், எங்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ இதை எழுதப் போறாயோ?”

நான் ராஜுவைப் பார்த்தேன்.

“எழுதாதை. எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. பெட்டி சரிஞ்சு விழுந்ததெண்டு நான் சொல்லுறன். நீ எழுதினால் வேனை நிப்பாட்டிப் போடுவாங்கள். பழையபடி ரெண்டு டீசலும் ஓடும். பிறகு நான் இங்க இருப்பனோ, சொல்லு?”

சொல்லுங்கள் பிள்ளைகளே, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? யாருக்காக அந்த வேனைக் கட்டினேனோ அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு மறைத்துவிடு என்கிறார். அடிபட்டவர் அவர். எனக்கென்ன என்று விடலாம். என் அறைக்குப் போய் லாக் புத்தகத்தைத் திறந்து, “மழையில் பெட்டி சரிந்தது” என்று எழுதவும் செய்தேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே எழுதினேன்.

எழுதிய வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இன்னும் இரண்டு மாதத்தில் இரண்டாவது வேனும் இதே போல உள்ளே வரும். மழைக்காலம் முடியவில்லை. அந்தக் கொட்டகையில் முதுகைக் காட்டி நிற்பவர் அக்கா மட்டுமில்லை, பதினோரு பேர். அடுத்த தடவை யார், எந்தத் தூணில்? நான் இறுக்கிய கதவு, நான் வைத்த ரப்பர், நான் பெருமைப்பட்ட அமைதி. டீசல் வேன் புகையோடு சேர்த்து ஓர் எச்சரிக்கையையும் தந்துகொண்டிருந்தது. புகையை எடுக்கும்போது அதையும் சேர்த்து எடுத்துவிட்டேன், பதிலுக்கு ஒன்றும் வைக்கவில்லை.  அந்த வரியை அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினேன். தப்பு டிரைவர் மேல் இல்லை, வண்டியைச் செய்த என் மேல் என்றும் எழுதி, மேலாளர் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை வேன் நின்றது. கொட்டகையில் பழையபடி இரண்டு டீசல் வேன்களும் ஓடின. மேலாளர் என்னைத் திட்டவில்லை. வேனைச் சரிசெய்து, அடிபட்ட பெண்ணே அது பாதுகாப்பானது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் மட்டும் மறுபடி பார்க்கலாம் என்றார். போட்டால் இரண்டு வேனையும் மாற்றலாம், போடாவிட்டால் மின்வேன் பேச்சே வேண்டாம். பரமேஸ் அக்கா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நாலாம் நாள் வேலை நேரத்திலேயே இழுப்பு வந்து, மேசையைப் பிடித்தபடியே சரிந்தார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அன்றைக்கு நான் பேட்டரி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் சொன்னபடியே நடந்துவிட்டதே. போர்டுக்குப் போகும் கோப்பில் இந்த ஆஸ்பத்திரித் தாளும் சேரும், அதை நான்தான் சேர்த்தேன். ஃபோர்மேன் கதவைத் தட்டினார். திறந்ததும் என் முகத்தைப் பார்த்தார்.

“நல்லா அழுதிட்டியா? இன்னும் இருந்தா அழுதிட்டு வா, நான் நிக்கிறேன். அதுக்கப்புறம் சத்தத்துக்கு ஒரு வழி பாக்கணும்லா.”

அவரோடு எனக்கு எத்தனையோ சண்டை உண்டு. அந்த ஒரு வார்த்தைக்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்.

சத்தத்துக்கு நாங்கள் பார்த்த முதல் வழியைச் சொன்னால் சிரிப்பீர்கள். ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் வைத்திருப்பாரே, ரப்பர் பந்தை அமுக்கினால் பாம் பாம் என்று கத்துமே, அந்த ஹாரன். நல்ல சத்தம், மழையிலும் கேட்கும் என்று நான்தான் வாங்கி வந்து மாட்டினேன். உற்பத்திக் கட்டட வாசலில் ராஜு இரண்டு தடவை அமுக்கினான். தேநீர் நேரம் வேறு. உள்ளேயிருந்து பெண்கள் சில்லறையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்துவிட்டார்கள். “காயா ரொட்டி இருக்கா?” என்று ஒரு மலாய்ப் பெண் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். ராஜு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான்.

சிரித்து முடித்தபின் ஃபோர்மேன் கேட்டார்: “ரொட்டி சமாச்சாரத்தை விடு. அன்னிக்கு ராஜுகிட்ட ஹாரன் இருந்துச்சா இல்லயா?”

இருந்தது. வேனில் ஏற்கெனவே ஹாரன் இருந்தது. அவன் அடிக்கவில்லை, அடிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. இன்னொரு ஹாரன் வைத்தாலும் அதே கைதானே அமுக்க வேண்டும்? ஒரு கை மறக்கும் என்பது தெரிந்தபிறகும் அந்தக் கையை நம்பி ஒருத்தியை நிறுத்தி வைக்க முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போவதற்கு மூன்று நாள் தைரியம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு நின்றேன்.

“எழுதினது தப்புன்னு சொல்ல வரலக்கா,” என்றேன். “திரும்பவும் அப்படித்தான் எழுதுவேன். ஆனா உங்கள இங்க கொண்டாந்து படுக்க வச்சது நான்தான். அதுக்கு என்ன வேணும்னாலும் சொல்லித் திட்டுங்க.”

 அக்கா சுவரைப் பார்த்தபடியே ஆரம்பித்தார்.

“தைப்பூசத்துக்கு ரதம் இழுக்கிற மாட்டைப் பாத்திருக்கிறாயோ? அதின்ர கழுத்தில என்ன கிடக்கு? வாயில்லாத மாட்டுக்கே சலங்கை கட்டித்தான் சனத்துக்குள்ள விடுறாங்கள். நீ படிச்சனீ. ஒரு வேனைச் செய்து, ஊமையாக்கி, என்ர முதுகுக்குப் பின்னால விட்டிருக்கிறாய். உனக்கு அது தோணேல்லையோ?”

 அவர் திட்டி முடித்திருந்தார். நான் அதற்குள் சலங்கையை எங்கே வாங்குவது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன். நடந்தால்தான் அது ஒலிக்கும், நின்றால் நின்றுவிடும். எந்தக் கையும் அமுக்க வேண்டியதில்லை.

அன்று மாலையே சூலியா தெருப் பக்கம் இறங்கி, பூசைச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுக் கேட்டு அலைந்தேன். காலில் கட்டும் சின்னச் சலங்கை எல்லாக் கடையிலும் இருந்தது. மாட்டுச் சலங்கை ஒரே ஒரு கடையில், பெட்டியின் அடியில், பச்சை படிந்து கிடந்தது. ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவு. சலங்கை கோத்த தோல்வார் இரண்டு வாங்கினேன். “எந்தக் கோயிலுக்கும்மா?” என்று கடைக்காரர் கேட்டார். ஃபேக்டரிக்கு என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வேனின் முன் பம்பரில் கட்டினோம். கொட்டகைத் தரை வழுவழுப்பான சிமெண்ட். வேன் மெதுவாக வந்தபோது சலங்கை அசையவே இல்லை. கவலையாகப் போய்விட்டது. ஃபோர்மேன்தான் அதை அவிழ்த்துக் கொண்டுபோய் முன் சக்கரத்தின் மூடியில் வட்டமாக முடுக்கினார். சக்கரம் உருண்டால் உள்ளே இருக்கும் குண்டு புரண்டுதானே ஆகவேண்டும்? புரண்டது. ஆள் நடக்கும் வேகத்தில் நன்றாக ஒலித்தது. வேகம் கூடினால் குண்டு ஓரமாக ஒட்டிக்கொண்டு ஓசை குறையும். வளாகத்துக்குள் அந்த வேகத்தில் போக யாருக்கும் அனுமதி இல்லை. இன்று நீங்கள் பழுதுபார்க்கும் கார்கள் மெதுவாகப் போகும்போது ஓர் ஓசை எழுப்புகின்றனவே, அதைச் சிலர் தொந்தரவு என்று கழற்றித் தரச் சொல்லி உங்களிடம் வருவார்கள். கழற்றாதீர்கள். எவ்வளவு கெஞ்சினாலும் கழற்றாதீர்கள்.

பரமேஸ் அக்கா வேலைக்குத் திரும்பியபோது போர்டு கூடுவதற்கு இரண்டு வாரம் இருந்தது. நோய்க்குக் காரணம் அந்தப் புகைதான், அது நீங்கினால் இவர் வேலை செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். புகை நீங்கியது என்று காட்ட வேண்டும். அக்கா கையெழுத்துப் போட்டாலே போதும், மின்வேன் திரும்பும், அவர் வேலை பிழைக்கும். எந்தக் கேள்வியும் கேட்காமல் போட்டுவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். தாளை நீட்டினேன்.

“மழையில பாப்பம்,” என்றார்.

“அக்கா, நாள் இல்லக்கா. இப்பவே நல்லாக் கேக்குது பாருங்க.”

“அண்டைக்கு மழை. மழையில கேட்டால்தான் போடுவன். மற்றப் பத்துப் பேரும் என்ர கையெழுத்தை நம்பித்தானே நிப்பினம்?”

தன் வேலை போகிற நிலையில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னார். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. ஐந்து நாள் காத்திருந்தோம். பினாங்கில் மழைக்காகக் காத்திருந்த ஒரே ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம். ஆறாம் நாள் மத்தியானம் வானம் உடைந்து கொட்டியது. மேலாளரும் ஃபோர்மேனும் கொட்டகைக்கு வந்தார்கள். ராஜு வேனைக் கொண்டுவந்து வாசலுக்கு வெளியே நிறுத்தினான். அக்கா தன் இடத்தில் போய் நிற்பார் என்று பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

“நான் இல்லை. நீ நில்.”

எங்கே என்று நான் கேட்கவில்லை. அவர் விழுந்த இடத்தில், வழிக்கு முதுகைக் காட்டி நின்றேன். கையில் அவருடைய தாளையும் பென்சிலையும் கொடுத்து, பெட்டி எண்களை எழுதச் சொன்னார். சும்மா நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் அது சோதனை இல்லையாம். ஓசை கேட்டதும் கையைத் தூக்க வேண்டும். எழுதத் தொடங்கினேன். தலைக்கு மேல் தகரத்தில் மழை. நாலாவது பெட்டியில் இருக்கும்போது மழைக்குள்ளிருந்து சலங்கைச் சத்தம் தனியாகப் பிரிந்து வந்தது. கையைத் தூக்கிவிட்டுத் திரும்பினேன். வேன் இன்னும் வாசலைக்கூடத் தாண்டவில்லை. மேலாளர் தலையாட்டினார். எனக்கு ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

“இன்னொருக்கா,” என்றார் அக்கா.

மறுபடி திரும்பி நின்றேன். எழுதினேன். ஐந்து பெட்டி, ஆறு பெட்டி. ஓசை இல்லை. ராஜு இன்னும் கிளம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பத்தாவது பெட்டிக்கு வந்தேன். என்ன செய்கிறார்கள் இவர்கள் என்று எரிச்சலாக வந்தது. அப்போது என் தோளில் ஒரு கை விழுந்தது.

“இப்ப திரும்பிப் பார், கமலா.”

திரும்பினேன். வேனின் பம்பர் என் முழங்காலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது. சக்கரத்துச் சலங்கைகளைச் சுற்றிச் சாக்குத்துணி இறுகக் கட்டியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ராஜு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தான். என் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது.  எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றுகூடத் தோன்றவில்லை, பக்கத்துப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“அண்டைக்கு எனக்கு இப்பிடித்தான் இருந்தது,” என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. “நீ அறிக்கையில எல்லாம் சரியாத்தான் எழுதினாய். ஆனால் இது உனக்குத் தெரியாது. இப்ப தெரியும்.”

டீசல் வேன்கள் இரண்டும் அந்த மாதமே கொட்டகையை விட்டுப் போனதும், போர்டு அக்காவை அதே மேசையில் விட்டுவைத்ததும் பிறகு நடந்தவை. அன்றைக்கு அவர் மேலாளரிடமிருந்து தாளை வாங்கி, பெட்டியின் மேல், எனக்குப் பக்கத்தில் வைத்து, நிதானமாக முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு கீழே கிடந்த பென்சிலை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் கத்தினார்.

“ராஜு, அந்தச் சாக்கை அவிட்டு எறி. பெட்டி நனையுது, வேலையைப் பாப்பம்.”